ஒரே திட்டத்துக்கு 70 சதவீதம், 7 சதவீதம்: புகையை விட்டவர்களை எப்படி எண்ணுகிறார்கள்?

மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். அதை ஒட்டிக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மில்களிலும் கல்லூரிகளிலும் முகாம்கள் நடப்பது வழக்கம். கொஞ்ச நாள் போனதும், ‘சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் புகையை விட்டுவிட்டார்கள்’ என்ற மாதிரி ஒரு செய்தி கண்ணில் படும். இன்னொரு பக்கம், 16 நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2016-ல் வெளியான ஈகிள்ஸ் ஆய்வைப் படித்தால், இருப்பதிலேயே நன்றாக வேலை செய்த வரெனிக்லின் மாத்திரையைச் சாப்பிட்டவர்களில்கூட 24-வது வாரம் வரை தாக்குப்பிடித்தவர்கள் 100-க்கு சுமார் 22 பேர்தான். எது என்று தெரியாமலே மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களில் 9 பேர். அப்படியென்றால் நம்மூர் முகாமில் கொடுத்த அட்வைஸ், மருந்தைவிட மூன்று மடங்கு வேலை செய்கிறதா?

செய்யவில்லை. அதற்காக முகாம் நடத்தியவர்கள் பொய் சொன்னார்கள் என்றும் ஆகாது. யாரையெல்லாம் கணக்கில் சேர்த்தார்கள், எந்த நாளில் கேட்டார்கள், கேட்டதை எதை வைத்து நம்பினார்கள் என்ற மூன்றும் மாறினால் ஒரே திட்டத்துக்கு 70-ம் வரும், 7-ம் வரும். இந்த மூன்றையும் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்லும் அறிக்கை, எவ்வளவு நல்ல மனதோடு எழுதப்பட்டிருந்தாலும், எதையும் அளக்கவில்லை என்பதே என் கருத்து.

‘விட்டவர்’ என்றால் யார்?

கணக்குக்குள் போகும் முன் நான்கு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. விடும் நாள். ஆலோசகரும் புகைப்பவரும் சேர்ந்து ஒரு தேதியைக் குறிப்பார்கள். அன்றிலிருந்து ஒரு இழுப்பும் கிடையாது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று பேசுவதெல்லாம் இந்தத் தேதியிலிருந்துதான் ஓட வேண்டும். இந்தத் தேதியே இல்லாத திட்டங்கள் நிறைய உண்டு. முகாம் நடந்த நாளையே தொடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அவர் உண்மையில் நிறுத்தியது மூன்று மாதம் கழித்து என்றால் அது எங்கும் பதிவாகாது.

2. ஏழு நாள் கணக்கு. ‘கடந்த 7 நாளில் ஒரு இழுப்பாவது இழுத்தீர்களா?’ என்பது கேள்வி. இல்லை என்றால் தேறினார். கேட்பது சுலபம், ஞாபகத்திலிருந்து சொல்வதும் சுலபம். ஆனால் ஐந்து மாதம் பழையபடி பிடித்துவிட்டு, போன வாரம் காய்ச்சலில் படுத்ததால் நிறுத்தியவரும் இதில் வெற்றி. ஐந்து மாதம் தொடாமல் இருந்து, போன வாரம் ஊர் நோம்பியில் மாப்பிள்ளை கட்டாயப்படுத்தியதால் ஒன்று பிடித்தவர் தோல்வி.

3. தொடர் கணக்கு. விடும் நாளிலிருந்து கேட்கும் நாள் வரை முழுவதும் பிடிக்காமல் இருந்தவர் மட்டுமே விட்டவர். சில ஆய்வுகள் முதல் இரண்டு வாரத்தைக் கழித்துவிடும், தடுமாற்றம் சகஜம் என்பதால். சில ஆய்வுகள் மொத்தக் காலத்திலும் 5 சிகரெட் வரை பொறுத்துக்கொள்ளும்.

4. சறுக்கலும் திரும்பலும். கெடா விருந்தில் ஒரு பீடி சறுக்கல். மறுநாள் காலை டீயோடு இன்னொன்று, அப்புறம் தினமும் என்றால் பழையபடி திரும்பிவிட்டார். சறுக்கியவர் எல்லோரும் திரும்புவதில்லை, ஆனால் திரும்பியவர் எல்லோரும் முதலில் சறுக்கியவர்களே. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் திட்டம் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

ஒரே கூட்டத்தை அளந்தால் ஏழு நாள் கணக்கில் வரும் எண், தொடர் கணக்கில் வருவதைவிடப் பொதுவாகப் பெரிதாகவே இருக்கும். அறிக்கையில் எது பெரிதாக அச்சாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பல்லடம் பக்கம் ஒரு மில்

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. ஆனால் அவை சுருங்கும் விதம் கற்பனை இல்லை, களத்தில் இப்படித்தான் சுருங்கும்.

1. முதல் நாள் பெயர் கொடுத்தவர்கள் 200 பேர்.

2. விடும் நாள் குறித்து, இரண்டாம் முறையும் வந்தவர்கள் 150 பேர்.

3. நான்காம் வாரம் போனை எடுத்தவர்கள் 100 பேர். அதில் ‘ஏழு நாளாகப் பிடிக்கவில்லை’ என்றவர்கள் 70.

4. ஆறாம் மாதம் போனை எடுத்தவர்கள் 60 பேர். அதையே சொன்னவர்கள் 30.

5. அந்த 30 பேரில் கருவியில் ஊதிக் காட்ட வந்தவர்கள் 24. தேறியவர்கள் 18.

6. அந்த 18 பேரில், விடும் நாளிலிருந்து 5-க்கு மேல் பிடிக்காதவர்கள் 14.

இப்போது அறிக்கை எழுதலாம். 100-ல் 70 என்றால் 70 சதவீதம். 150-ல் 70 என்றால் 47. 200-ல் 70 என்றால் 35. ஆறாம் மாதத்தை எடுத்தால் 60-ல் 30, அதாவது ‘ஆறாம் மாதத்தில் சரி பாதிப் பேர் புகைக்கவில்லை’. கடைசி வரியை எடுத்தால் 200-ல் 14, அதாவது 7. ஐந்து எண்ணும் அதே மில்லின் எண்கள், கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. மேலே இருக்கும் எண்ணைவிடக் கீழே இருக்கும் எண்தான், அதாவது எத்தனை பேரில் என்பதுதான், கூத்தெல்லாம் நடக்கும் இடம்.

இதில் 14 பேர் என்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அது ஏன் கெட்ட எண் இல்லை என்பது பின்னால் வருகிறது.

போனை எடுக்காதவர் எந்தப் பக்கம்?

2005-ல் ராபர்ட் வெஸ்ட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரைமுறை வகுத்தார்கள். நிகோடின் அடிமைத்தனத்தை ஆராய்ந்த முன்னோடி மைக்கேல் ரஸ்ஸலின் நினைவாக அதற்கு ரஸ்ஸல் அளவுகோல் என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால்: ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத்தான் அளக்க வேண்டும், மொத்தத்தில் 5 சிகரெட்டுக்கு மேல் கூடாது, வாய்வார்த்தை போதாது, உடல் சோதனை வேண்டும், கேட்கப் போகிறவருக்கு எதிரில் இருப்பவர் எந்தச் சிகிச்சை பெற்றவர் என்று தெரியக் கூடாது, ஆள் கிடைக்காவிட்டால் அவர் புகைக்கிறார் என்றே எழுத வேண்டும்.

கடைசி விதி கொடூரமாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: விட்டவருக்குப் போனை எடுக்க ஒரு தயக்கமும் இல்லை, நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவே ஆசைப்படுவார். பழையபடி பிடிக்க ஆரம்பித்தவர்தான் ஆலோசகர் நம்பரைப் பார்த்ததும் போனைத் திருப்பி வைப்பார். எடுத்தவர்களை மட்டும் எண்ணினால் விட்டவர்களைப் பொறுக்கி எண்ணுவதாக ஆகிவிடும்.

கொங்கு நாட்டில் இது இன்னும் சிக்கல். திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ஏறியவர் போர் போட வடக்கே போனால் மாதக்கணக்கில் ஊர் திரும்ப மாட்டார். நாமக்கல் லாரி டிரைவர் வாரம் ஒரு மாநிலத்தில் இருப்பார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் பையன்கள் கம்பெனி மாறினால் சிம் மாறும், ஊருக்குப் போனால் ஆளே மாறியதுபோல ஆகிவிடும். ரஸ்ஸல் அளவுகோலில் ஒரு விலக்கு உண்டு: இறந்தவர்களையும், கண்டுபிடிக்க முடியாத முகவரிக்குக் குடிபோனவர்களையும் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். இங்கிலாந்தில் இந்த விலக்கில் விழுவது சிலபேர். திருப்பூரில் அதை அப்படியே எடுத்து வைத்தால் பாதிப் பட்டியலே காணாமல் போகலாம், மிச்சமிருப்பவர்களின் சதவீதம் ஏறிவிடும். இங்கே குடிபோனவர்களையும் மொத்தத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் எத்தனை பேர் என்று தனியே எழுதுவதே நேர்மை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. திட்டத்தில் இருப்பவர்களுக்கு வாராவாரம் போன் போகும், அதனால் அவர்கள் தொடர்பில் இருப்பார்கள். ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் இன்னொரு குழுவை யாரும் கவனிப்பதில்லை, அவர்கள் எளிதில் நழுவிவிடுவார்கள். நழுவியவர் எல்லோரும் புகைப்பவர் என்று எழுதினால் திட்டம் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். ஆகவே இரு பக்கமும் எத்தனை பேர் கிடைக்கவில்லை என்பதைக் கேட்காமல் விடக் கூடாது.

யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். தறிக்குடோனில் நிற்கும் ஒருவருக்குப் போன் வருகிறது. பின்னால் தறிச் சத்தம், பக்கத்தில் சூப்பர்வைசர். ‘அண்ணா, போன வாரத்துல பீடி, சிகரெட் ஏதாச்சும் பிடிச்சீங்களா?’ என்றால், ‘இல்லீங்க, அதையெல்லாம் விட்டாச்சுங்க’ என்பதைத் தவிர அங்கே வேறு பதில் வராது. அதே கேள்வியை வீட்டில் மனைவி எடுத்தால், ‘எங்கீங்க விட்டாரு, நேத்துக்கூட பேக்கரியில நின்னு ஊதிட்டுத்தான் வந்தாரு’ என்று வரலாம். சிகிச்சை கொடுத்த ஆலோசகரே கேட்டால் இன்னும் சங்கடம். இவ்வளவு நாள் அன்பாகப் பேசியவரிடம் இல்லையென்று சொல்ல இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மனசு வராது.

மாலை போட்ட மாதம்

எந்தத் தேதியில் கேட்கிறோம் என்பதை வெளிநாட்டு வழிகாட்டிகள் வாரக் கணக்கில் சொல்லும். நம் ஊரில் தமிழ் மாதத்தையும் பார்க்க வேண்டும்.

கார்த்திகை ஒன்றாம் தேதி, அதாவது நவம்பர் நடுவில், ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் பீடி, சாராயம், கறி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவார்கள். 41 நாள், 48 நாள் என்று விரதம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு நடக்கிறவர்களும் இப்படித்தான். நவம்பர் முதல் வாரத்தில் முகாம் தொடங்கி, டிசம்பர் நடுவில் ஏழு நாள் கணக்கு கேட்டால், மாலையின் வெற்றி முகாமின் வெற்றியாகப் பதிவாகிவிடும். இருமுடி இறக்கிய கையோடு பலர் பற்றவைப்பதை அந்த அறிக்கை பார்க்காது, ஏனென்றால் அது ஜனவரிக்கு முன்பே அச்சாகியிருக்கும்.

இதற்கு நேர் எதிரும் உண்டு. சித்திரை, வைகாசியில் மாரியம்மன் நோம்பி, கல்யாணம், கெடா வெட்டு என்று வரிசையாக வரும்போது கேட்டால் நன்றாக நடந்த திட்டமும் மட்டமாகத் தெரியும்.

ஆனால் மாலையை வெறும் இடைஞ்சலாகப் பார்ப்பது சரியில்லை என்று தோன்றுகிறது. நிகோடினை நிறுத்தினால் வரும் எரிச்சல், தூக்கமின்மை, பரபரப்பு எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். 41 நாள் விரதம் இருந்தவர் அந்தக் கஷ்டத்தை மருந்தில்லாமலே தாண்டிவிட்டார். அப்புறம் அவரைத் திரும்ப இழுப்பது உடம்பைவிடப் பழக்கம், கூட்டாளி, பேக்கரி வாசல். ஒரு திட்டம் மாலை கழற்றும் நாளையே விடும் நாளாகக் குறித்து, அன்றிலிருந்து கடிகாரத்தை ஓடவிட்டால் எப்படி இருக்கும்? மலைக்குப் போகும் குருசாமியே முதல் ஆலோசகராக இருக்கலாம். அதன் ஆறாம் மாதக் கணக்கு ஆனி, ஆடியில் வரும், மாலை விரதத்தின் உதவி இல்லாத மாதங்களில்.

ஊதிக் காட்டும் கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது

வாய்வார்த்தையைச் சரிபார்க்க மிகவும் புழங்குவது மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவி. அட்டையால் ஆன ஊதுகுழலை மாட்டி, மூச்சை இழுத்து 15 விநாடி அடக்கி, மெதுவாக ஊத வேண்டும். திரையில் எண் ஏறி நிற்கும். லாரி டிரைவர்கள் இதைப் பார்த்ததும் போலீஸ் ஊதச் சொல்லும் கருவி என்று பின்வாங்குவது ஆச்சரியமில்லை. பத்து லட்சத்துக்கு 10 பங்குக்குக் கீழே இருந்தால் புகைக்காதவர் என்பது நெடுநாள் வழக்கம். அது தாராளம், 5 அல்லது 6-க்குக் குறைக்க வேண்டும் என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது.

இந்த வாயு சில மணி நேரத்தில் உடலில் பாதியாகிவிடும். நேற்றுக் காலை பிடித்தவர் இன்று மாலை சுத்தமாகத் தேறலாம். இன்னொரு பக்கம், சாயப்பட்டறை பாய்லருக்கு விறகு போடுபவரும், விறகடுப்பில் சமைப்பவரும், நாளெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவரும் பீடியே தொடாமல் எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டலாம்.

அடுத்தது கோட்டினின் சோதனை. நிகோடின் உடலில் உடைந்து உண்டாகும் பொருள் கோட்டினின். எச்சிலிலோ சிறுநீரிலோ அளக்கலாம். நிகோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும், கோட்டினின் பாதியாக 16 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதனால் மூன்று நான்கு நாள் வரை தடயம் கிடைக்கும். ஆனால் விடுவதற்காக நிகோடின் சூயிங்கம் மெல்பவருக்கும் கோட்டினின் ஏறும். அவரைப் பிரித்துப் பார்க்க, புகையிலையில் உள்ள, சூயிங்கத்தில் இல்லாத அனபசின் போன்றவற்றைத் தேட வேண்டும். அதற்கு நல்ல ஆய்வகம் வேண்டும், பணமும் வேண்டும்.

கவனித்தீர்களா, எந்தச் சோதனையும் ஆறு மாதத்தைப் பார்ப்பதில்லை. அதிகபட்சம் கடைசிச் சில நாள். மீதி ஐந்து மாதச் சொச்சத்துக்கு அவர் வார்த்தைதான். சோதனை செய்கிற வேலை அந்த வார்த்தைக்குக் கொஞ்சம் பயம் காட்டி வைப்பது.

நம் பக்கத்துக்கே உரிய பெரிய ஓட்டை வேறு. பஞ்சு மில்லுக்குள் தீக்குச்சி உரசவே முடியாது. அதனால் ஷிப்டு நேரத்தில் பலருக்குக் கை போவது ஹான்ஸ் பொட்டலத்துக்கும் உதட்டில் அடக்கும் பொட்டலத்துக்கும். குட்கா, பான் மசாலா வகைகளைத் தமிழ்நாடு 2013-லேயே தடை செய்தது, இருந்தும் கிடைக்கிறது. ஈரோடு வட்டாரத்தில் மெல்லும் புகையிலை வயலிலேயே விளைகிறது. பீடியை விட்டு ஹான்ஸுக்கு மாறியவர் ஊதும் கருவியில் அழகாகத் தேறுவார். அவர் புகையை விட்டவர், புகையிலையை விட்டவர் இல்லை. நுரையீரலுக்குக் கொஞ்சம் நிம்மதி, வாய்ப்புற்றுக்கு வழி திறந்தே இருக்கிறது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வயது வந்தவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லுவது, அடக்குவது போன்ற புகையில்லாப் புகையிலை பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம். இந்த நாட்டில் ‘சிகரெட் பிடித்தீர்களா?’ என்று மட்டும் கேட்கும் திட்டம் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறது.

‘நீண்ட காலம்’ என்பது எவ்வளவு?

புகையை விட்டவர்களின் வரைபடத்தைப் போட்டால் முதலில் செங்குத்தாக விழும், பிறகு சாய்வாக இறங்கும், அப்புறம் கிட்டத்தட்ட படுத்துவிடும்.

செங்குத்தான பகுதி எவ்வளவு குறுகலானது என்று 2004-ல் ஜான் ஹியூஸும் மற்றவர்களும் தொகுத்துக் காட்டினார்கள். எந்த உதவியும் இல்லாமல் தானாக விட முயன்றவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாளுக்குள்ளேயே திரும்பினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை நின்றவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்.

சாய்வுப் பகுதிக்கு இங்கிலாந்து அரசு நடத்தும் ஆலோசனை மையங்களின் கணக்கு நல்ல உதாரணம். 2005-ல் வெளியான ஆய்வில், நான்காம் வாரத்தில் மூச்சுச் சோதனையில் தேறியவர்கள் 53 சதவீதம். அதே ஆட்கள் ஓராண்டு முடிவில் 15 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. நான்காம் வாரத்தோடு நிறுத்தியிருந்தால் பாதிப் பேர் விட்டார்கள் என்று பேனர் அடித்திருக்கலாம்.

ஓராண்டோடும் முடிவதில்லை. நிகோடின் பட்டை, சூயிங்கம் ஆய்வுகளில் இரண்டு முதல் எட்டு ஆண்டு வரை பின்தொடர்ந்தவற்றை 2006-ல் எட்டரும் ஸ்டேபிள்டனும் சேர்த்துப் பார்த்தார்கள். ஓராண்டு தாண்டியவர்களிலும் சுமார் 30 சதவீதம் பேர் பின்னர் திரும்பியிருந்தார்கள். ஓராண்டில் 15 பேர் என்றால் நெடுநாளில் 10, 11 பேர் என்று மனதில் போட்டுக்கொள்ளலாம்.

படுத்துவிடும் பகுதியைக் காட்டியது அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986-ல் தொடங்கிய நுரையீரல் நல ஆய்வு. லேசான நுரையீரல் அடைப்பு இருந்த 5,887 புகைப்பவர்களைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருத்துவர் அறிவுரை, பத்து வாரத்தில் 12 குழு அமர்வுகள், நிகோடின் சூயிங்கம். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஐந்தாண்டு முடிவில் தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 22 சதவீதம், இரண்டாவதில் 5. பதினோராம் ஆண்டிலும் கிட்டத்தட்ட அதே 22, 6. பதினான்கரை ஆண்டு கழித்து இறப்பை எண்ணியபோது, முதல் குழுவில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 8.83, மற்றதில் 10.38. முதல் குழுவில் 100-க்கு 78 பேர் விடவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். விட்ட 22 பேரின் பலனே மொத்தக் குழுவின் சாவு எண்ணிக்கையைக் கீழே இழுத்தது.

7 சதவீதம் ஏன் கெட்ட எண் இல்லை

பல்லடம் மில்லுக்கு வருவோம். 200-ல் 14. அதே ஊரில் இன்னொரு மில்லில் 200 பேருக்குத் துண்டுச் சீட்டு மட்டும் கொடுத்து, இதே கறாரோடு ஆறாம் மாதம் அளந்தால் 6 பேர் தேறினார்கள் என்று வையுங்கள். ஏனென்றால் திட்டம் இல்லாமலும் மனிதர்கள் விடுகிறார்கள். விலை ஏறினால், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால், குழந்தை பிறந்தால் விடுவார்கள். 2016-17 கணக்கெடுப்பில் புகைப்பவர்களில் 38.5 சதவீதம் பேர் முந்தைய 12 மாதத்தில் ஒருமுறையாவது விட முயன்றிருந்தார்கள்.

ஆக, திட்டத்தின் சொந்தச் சம்பாத்தியம் 14-ல் 6 போக 8 பேர். 25 பேரைச் சேர்த்தால் ஒருவர். இதைக் கேட்டால் நன்கொடை கொடுத்த முதலாளிக்கு மனம் சுருங்கும். ஆனால் பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டு பின்தொடர்ந்து டோலும் பீட்டோவும் 2004-ல் வெளியிட்ட கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 30 வயதில் விட்டவருக்கு சுமார் 10 ஆண்டு ஆயுள் மிச்சம், 40-ல் 9, 50-ல் 6, 60-ல் 3. எட்டுப் பேரும் 40 வயதில் விட்டு, அப்படியே நின்றால் 70 ஆண்டுக்கு மேல் ஆயுள். ஒரு மில்லில், சில மாத வேலையில், இதற்கு ஈடான மருத்துவச் செலவு குறைவு.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இந்த 8 பேரைப் பார்க்கவே முடியாது. டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஒரு சோதனை 2017-ல் வெளியானது. வீடு தேடிப் போய்ச் சில நிமிடம் பேசி, மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவதுதான் திட்டம். புகைப்பவர், மெல்பவர் இரு வகையினரும் அதில் இருந்தார்கள். ஆறாம் மாதத்தில் தொடர்ந்து விட்டிருந்தவர்கள் திட்டத்தில் 2.6 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 0.5. பேனரில் 2.6 என்று அடித்தால் சிரிப்பார்கள். ஐந்து மடங்கு என்பது அந்த 0.5 இருப்பதால்தான் தெரிகிறது.

ஊர் முழுக்க எடுத்த கணக்கெடுப்பை வைத்து ஒரு திட்டத்தை மதிப்பிடுவதும் இதே காரணத்தால் ஆபத்து. 2009-10-க்கும் 2016-17-க்கும் இடையில் இந்தியாவில் புகையிலைப் பயன்பாடு 34.6-லிருந்து 28.6 சதவீதமாகக் குறைந்தது, தமிழ்நாட்டில் 16.2-லிருந்து 20 ஆகக் கூடியது. அந்த ஏழு ஆண்டில் இங்கே ஆலோசனை கொடுத்தவர்கள் எல்லோரும் தோற்றார்கள் என்று அர்த்தமாகாது, அங்கே எல்லோரும் ஜெயித்தார்கள் என்றும் ஆகாது.

எண்ணுக்குப் பரிசு வைத்தால்

அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் 878 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ல் வந்தது. விட்டதைச் சோதனையில் நிரூபித்தால் மொத்தம் 750 டாலர் வரை பரிசு. ஓராண்டில் பரிசுக் குழுவில் 14.7 சதவீதம், மற்றதில் 5. பரிசு எல்லாம் கொடுத்து முடித்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 9.4-ம் 3.6-ம். இரண்டும் இறங்கின, ஆனால் இடைவெளி மறையவில்லை. திருப்பூரில் போனஸோடு சேர்த்து இப்படி யோசிக்கும் கம்பெனிகள், பரிசு நின்ற பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும். இல்லாவிட்டால் அளப்பது போனஸ் ஆசையை.

தொழிலாளிக்குப் பரிசு வைப்பது ஒன்று, திட்டம் நடத்துபவருக்கே சதவீதத்தை வைத்து நிதி கொடுப்பது வேறு. இரண்டாவது மோசமான விளைவுகளைக் கொண்டுவரும். டீயோடு நாளுக்கு ஒன்று பிடிக்கும் ஆபீஸ் ஊழியர்களைச் சேர்த்தால் சதவீதம் ஏறும். காலையில் கண் விழித்த ஐந்து நிமிடத்துக்குள் பீடி பற்றவைப்பவர்தான் நிகோடினுக்கு அதிகம் அடிமையானவர்; அடிமைத்தனத்தை அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் கேள்வித்தாளின் முக்கியமான கேள்வியே அதுதான். இலக்கு வைத்துத் துரத்தினால் அவரை யாரும் சேர்க்க மாட்டார்கள். அதனால் எத்தனை பேர் விட்டார்கள் என்பதோடு, சேரும்போது அவர்கள் எவ்வளவு அடிமையாக இருந்தார்கள் என்ற விவரமும் அறிக்கையில் இருக்க வேண்டும். இது அச்சாகி நான் பார்த்தது குறைவு.

பின்தொடர்வதற்கு யார்?

இவ்வளவு கறாராக அளக்க ஆள் எங்கே என்று முகாம் நடத்துபவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குச் சில வழிகள் ஏற்கனவே இருக்கின்றன. 2016-ல் தொடங்கிய தேசிய உதவி எண் 1800-11-2356, புகையிலைப் பொட்டலங்களின் மேலேயே அச்சாகிறது, தமிழிலும் பேசலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-லிருந்து பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறது. அந்தப் பணியாளர் முகாம் நடத்தியவர் இல்லை, மில் ஆளும் இல்லை; வீட்டில் இருப்பவர்கள் முன்னால் கேட்பார் என்பதால் அந்தப் பதிலுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு. வடமாநிலத் தொழிலாளிகளுக்கு அவரவர் மொழியில் கேட்க ஒரு ஆளும், சேரும்போதே ஊரிலுள்ள இன்னொருவரின் நம்பரும் வேண்டும். ரிக் லாரிக்காரருக்கு வண்டி ஊர் திரும்பும் மாதத்தைக் கேட்டு எழுதிவைத்தால் போதும்.

எல்லோரையும் ஊதச் சொல்ல முடியாவிட்டால், விட்டேன் என்று சொன்னவர்களில் குலுக்கல் முறையில் நாலில் ஒருவரை மட்டும் சோதித்து, எத்தனை பேர் தேறவில்லை என்று வெளியிடலாம். மற்றவர்களின் வார்த்தையை எவ்வளவு கழித்து எடுத்துக்கொள்வது என்று அதிலிருந்து ஓரளவு தெரியும். பணம் இதற்கு ஒதுக்காமல் முகாமுக்கு மட்டும் ஒதுக்கினால், பந்தலும் பேனரும் டீயும் முதல் நாளிலேயே மொத்தத்தையும் தின்றுவிடும். பட்ஜெட் போடும்போதே பன்னிரண்டாம் மாதம் போன் செய்யப் போகிறவரின் சம்பளத்தை முதல் வரியில் எழுதிவிட்டு, மிச்சம் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி முகாமில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது நல்லது. 200 பேரைச் சேர்த்து 60 பேரைக் கண்டுபிடிப்பதற்குப் பதில், 80 பேரைச் சேர்த்து 75 பேரைக் கண்டுபிடிக்கலாம்.